பைக் பிடிக்கும், சரி. பைக்கில் எது பிடிக்கும்?

கேள்வி: மகன் பத்தாவது முடித்துவிட்டான். பொழுது முழுக்கத் தெருமுனை மெக்கானிக் கடையில்தான். "பைக்குன்னா எனக்கு உயிரு, ஐ.டி.ஐ.யில சேத்துவுடு" என்கிறான். அவன் அப்பா பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பிடிவாதமாக நிற்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், கொடுங்கையூர்

பதில்: முதலில் அந்தக் கடைக்காரர் பேச்சைக் கேளுங்கள். பைக் பிடிக்கும் என்பதை மட்டும் வைத்துப் படிப்பை முடிவு செய்ய முடியாது. எந்த வேலை பிடிக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்தால், பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழுதைத் தேடுகிறானா? ஒயரிங் என்றால் தானாக வந்து உட்காருகிறானா? இன்ஜின் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டாப்பெட் செட்டிங்கில், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து மயிரிழை இடைவெளிக்காகப் பொறுமையாக இருக்கிறானா? செயினை மண்ணெண்ணெயில் கழுவச் சொன்னால் காணாமல் போய், டிரையல் பார்க்க மட்டும் வந்து நிற்கிறானா? கடைசியாகச் சொன்னது ஓட்டும் ஆசை. அதற்கு ஐ.டி.ஐ. வேண்டாம். (பதினெட்டு வயதுக்கு முன் அவன் கையில் சாவியும் வேண்டாம்.)

பழுது தேடுவதிலும் ஒயரிங்கிலும் மனம் போனால் எலக்ட்ரீஷியன் அல்லது மோட்டார் வாகன மெக்கானிக். அளந்து பொருத்துவதில் போனால் ஃபிட்டர். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, புது வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷனும் சென்சாரும் வந்துவிட்டன. கரண்ட் தெரியாத மெக்கானிக்குப் பழைய வண்டிகள்தான் மிஞ்சும்.

பலரும் சறுக்குவது டிரேடின், அதாவது ஐ.டி.ஐ. தொழிற்பிரிவின், கால அளவில். டூ வீலர் மெக்கானிக், வெல்டர் ஆகியவை ஓராண்டு. மேலே சொன்ன மூன்றும் இரண்டாண்டு. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். சீக்கிரம் முடியும் என்று ஓராண்டு டிரேடை எடுத்தால் அந்த வழி கிடையாது. பிளஸ் டூ முடித்துவிட்டு டிப்ளமோவுக்கு வருபவரும் அதே இரண்டாம் ஆண்டில்தான் சேருகிறார்! டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. டிப்ளமோ வரை ஒரு வருடம்கூட வீணாகாது என்பதை அவன் அப்பாவுக்குத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அப்ரண்டிஸ் அறிவிப்பில் வழக்கமாக வருவது ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற டிரேடுகள். அது உதவித்தொகையுடன் பயிற்சி. நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் என்று நம்பிவிட வேண்டாம்.

அப்பா கவலைப்பட வேண்டியது கணக்கைப் பற்றி. ஐ.டி.ஐ.யிலும் தொழிற்கணக்கும் வரைபடமும் உண்டு. கணக்குக்குப் பயந்து அங்கே ஓடுகிற பையன் அங்கேயும் மாட்டிக்கொள்வான். ஒரு பைக்கின் ஒயரிங் படத்தைக் கொடுத்து, ஹெட்லைட்டுக்குக் கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு மூவருமாக வடசென்னை அரசு ஐ.டி.ஐ.க்குப் போய், அனுமதி கேட்டு ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். ஃபிட்டரில் தொடக்க வாரங்களில் கையில் அரம்தான். இரும்புத் துண்டைச் சமமாக ராவிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகும் சேருகிறேன் என்றால், விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக இரண்டாண்டு டிரேடைப் போடுங்கள்.