தோண்டிய ஊரணியில் தண்ணீர் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் ஊரணிதான். போன கோடையில் இயந்திரம் வைத்து ஐந்தடி ஆழப்படுத்தினோம். முன்பு சித்திரை வரை கிடந்த தண்ணீர் இந்த ஆண்டு மாசியிலேயே வற்றிவிட்டது. மழையும் குறைவில்லை. என்ன தவறு?

பதில்: வண்டலோடு அடிக்களியையும் அள்ளியிருப்பீர்கள். தண்ணீரைத் தாங்கி நின்றது அந்தக் களிதான். அதற்குக் கீழே மணல் தெரிந்துவிட்டால் ஊரணி சல்லடை. கிணற்று ஊற்றுக்காக வெட்டும் குட்டை கசியலாம், குடிதண்ணீர் ஊரணி கசியக்கூடாது. உங்கள் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. அதில் போய்ச் சேர்ந்த நன்னீர் குடத்துக்குத் திரும்பாது.

முதலில் கசிவை உறுதி செய்யுங்கள். தண்ணீர் நிற்கும்போது அளவுக் குச்சி நட்டு, ஆட்கள் எடுத்து ஓய்ந்த இரவில் குறித்து, விடியுமுன் மறுபடி பாருங்கள். ஆவியாவது ஒரு நாள் முழுக்க 5 முதல் 8 மி.மீ. வரை, அதுவும் பெரும்பாலும் பகலில். இரவிலேயே அரை செ.மீ. இறங்கினால் அது கசிவுதான்.

சரிசெய்யக் களி வேண்டும். அள்ளிய மண் கரையோரம் குவிந்து கிடந்தால் அதிலேயே தேடுங்கள். ஈரமாக்கி, பென்சில் பருமனில் உருட்டி, வளையமாக வளையுங்கள். விரிசல் விழாவிட்டால் நல்ல களி. கட்டிகளை உடைத்து 15 செ.மீ. பரப்பி, நீர் தெளித்து, உருளையாலோ ஆட்டுக்கிடை போட்டோ இறுக்குங்கள். அதன்மேல் இன்னொரு 15 செ.மீ. ஒரேயடியாக 30 செ.மீ. கொட்டினால் இறுக்கம் அடிவரை போகாது. வேலையைப் புரட்டாசியில் முடியுங்கள். சித்திரையில் பூசிய களி ஐப்பசி மழைக்குள் வெடித்துவிடும். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், மாட்டுக் குளம்பு கிழித்துவிடும்.

இனி தூர் வாருமுன் நாலைந்து இடத்தில் சோதனைக் குழி வெட்டுங்கள். களி தென்பட்டதும் நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரே இரவில் கொட்டும் மழைக்குக் கண்மாய்க் கரை ஓடை ஓடையாக அரிக்கிறது. கல் பதிக்கப் பணமில்லை.

பதில்: வெட்டிவேர் வையுங்கள். பல நாள் மழை சில மணி நேரத்தில் இறங்கும் காலம் இது. இரண்டு மூன்று மீட்டர் இறங்கும் அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வரிசைகள் சரிவுக்குக் குறுக்கே, ஒரு மீட்டர் இடைவெளியில். நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ. மேலிருந்து கீழாக நட்டால் வரிசைக்கு நடுவே புது ஓடை விழும். முதல் மூன்று மாதம் ஈரம் காயக்கூடாது. நிழல் ஆகாது, சீமைக்கருவேலத்தை முன்பே அகற்றுங்கள். வேரை விற்கத் தோண்டவே விடாதீர்கள். தோண்டிய குழியில்தான் கரை உடையும்.