பத்து வீதம் கேக்கிறார், குடுக்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்க வெருகல் பக்கம் ஒரு மாதர் சங்கம், 34 பேர் இருக்கிறம், அரைவாசிப் பேர் மீன்புடிக் குடும்பம், கொஞ்சப் பேர் வேடர் வழி ஆக்கள். ஒரு தூதரகம் சின்ன சங்கங்களுக்குக் காசு குடுக்குதாம், போர்ம்ல "சிவில் என்கேஜ்மென்ட்" எண்டு போட்டிருக்கு, எங்களுக்கு அது விளங்கேல்ல. டவுன்ல ஒராள் இங்கிலீசுல எழுதித்தாறன், காசு வந்தா பத்து வீதம் தாங்க எண்டு கேக்கிறார். குடுக்கலாமா?
வாசகி, வெருகல்

பதில்: குடுக்காதீங்க தங்கச்சி. அவர் எழுதுற வேலைக்கு இவ்வளவு எண்டு கூலி பேசி, பில் தந்து வாங்கினா அது வேற கதை. வந்தா பத்து வீதம் எண்டது கொமிஷன், காசு குடுக்கிற ஆக்கள் பெரும்பாலும் அதை பட்ஜெட்ல ஒத்துக்கொள்ள மாட்டாங்க. பிறகு அந்தக் காசைக் காட்டுறதுக்குப் பொய் பில் போட வேண்டி வரும், ஓடிட்டில மாட்டினா தலைவி, செயலாளர், பொருளாளர் மூண்டு பேரும்தான் நிக்கணும், எழுதித் தந்தவர் அந்த நேரம் போனும் எடுக்க மாட்டார்.

மற்றது, அந்த இங்கிலீசுச் சொல்லுக்குப் பயப்பிடாதீங்க. உங்கட ஊருக்குத் தண்ணி வரேல்ல எண்டு நாலு பேர் சேந்து பிரதேச சபைக்குப் போய்க் கேட்டிருப்பீங்கதானே, அதுதான் சிவில் என்கேஜ்மென்ட். வாக்காளர் இடாப்புல பேர் இருக்கா எண்டு ஜீ.எஸ்ஸிட்ட, அதான் கிராம சேவகரிட்ட, போய்ப் பாக்கிறது, சபை வரவுசெலவு போடுற நேரம் எங்கட ரோட்டுக்கு என்ன வச்சீங்க எண்டு கேக்கிறது, எல்லாம் அதுக்குள்ளதான் வருது. உள்ளூராட்சி சபையில பொம்பிளைகளுக்கு 25 வீதம் எண்டு சட்டம் வந்து 2018 தேர்தல்லதான் முதல் தரம் நடைமுறைக்கு வந்தது, அதுக்கு முன்னம் இலங்கை முழுக்க 2 வீதம் கூட இல்ல. இப்ப சபைக்குள்ள பொம்பிளைகள் இருக்கிறாங்க, ஆனா ஊர்ப் பொம்பிளைகள் அவங்களப் போய்ச் சந்திக்கிறதுக்கு ஆரும் வழி செய்யேல்ல. உங்கட சங்கத்துக்கு அதையே ஒரு புறொஜெக்ட்டா எழுதலாம்.

இன்னொண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். அரச ஒபிஸ் ஒண்டிட்டத் தகவல் கேட்டா, தருவமா மாட்டமா எண்டு 14 வேலைநாளுக்குள்ள பதில் சொல்லணும். எழுதத் தெரியாத ஆக்கள் வாயால சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதி எடுக்கணும், அதுவும் சட்டத்துல கிடக்கு, ஆனா நம்மட ஆக்களுக்கு இதை ஆரும் சொன்னதில்ல. மண்டபம் எடுத்து, பெனர் கட்டி, ஆளுக்கொரு கொப்பியும் பேனையும் குடுத்து "விழிப்புணர்வுக் கருத்தரங்கு" வைக்கிறத விட, ஒரு வருசத்துல இருபது விண்ணப்பம் போட்டு இருபது பதில் எடுத்தா அதுதான் வேலை. கருத்தரங்குகளப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு, கோவிச்சுக்கொள்ளாதீங்க.

பட்ஜெட்டுக்கு வாறன், எல்லாரும் பிழை விடுற இடம் இதுதான். வெருகல்ல இருந்து கச்சேரிக்கு, அதான் மாவட்டச் செயலகத்துக்கு, வந்து போனா ஒரு நாள் முடிஞ்சுது, அண்டைக்குக் கூலியும் இல்ல. அதால பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, சின்னப் பிள்ளையப் பாத்துக்கொள்ளுற ஆளுக்குக் குடுக்கிற காசு, சிங்களத்துல வாற கடிதத்தைத் தமிழாக்கிற செலவு, எல்லாத்தையும் வெக்கப்படாம எழுதுங்க. கேட்டா தருவாங்களோ எண்டு நினைச்சு இதுகள விட்டிட்டு லப்டொப் எழுதுற சங்கங்கள்தான் கூட, கடைசியில லப்டொப் ஆற்றையோ வீட்ட நிக்குது.

கடதாசி வேலையில முக்கியம் பிரதேச செயலகத்துப் பதிவு, சங்க யாப்பு, கூட்டக் குறிப்புக் கொப்பி, சங்கத்துப் பேருல ரெண்டு கையெழுத்து வைக்கிற பாங்க் எக்கவுண்ட். கூட்டக் குறிப்பைப் புதுக்கொப்பியில ஒரே நாள் இருந்து ஒரே பேனையால எழுதிக் கொண்டு போகாதீங்க, பாத்தவுடன தெரியும்.

எங்க கேக்கலாம் எண்டா, கனடா தூதரகத்து உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி இருக்கு, கூடினது ஒரு லட்சம் கனடா டொலர் வரை, ஆனா உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஏலுமானதைக் கேளுங்க. அவுஸ்திரேலியாவின்ர நேரடி உதவித் திட்டமும் இருக்கு. கொழும்பில நீலன் திருச்செல்வம் அறக்கட்டளை உள்ளூர் அமைப்புகளுக்குக் குடுக்குது. ஐநா ஜனநாயக நிதியம் 2005ல தொடங்கினது, ஆனா அது பெரிய கணக்கு, உங்களுக்கு இப்ப சரிவராது. ஒவ்வொரு இடத்துக்கும் விண்ணப்பம் எடுக்கிற காலம் வேற, அதைக் கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்குங்க. தனியப் போக ஏலாட்டி, பதிவும் ஓடிட்டும் சரியா இருக்கிற பெரிய சங்கம் ஒண்டோட சேந்து கேக்கலாம், ஆனா எவ்வளவு காசு உங்கட கைக்கு வரும் எண்டு முதலே எழுத்துல வாங்குங்க, பிறகு அழுது வேலையில்ல.

கேள்வி: அமெரிக்க அரசாங்கத்தின்ர உதவி நிறுவனம் யுஎஸ்எயிட் மூடியாச்சு, இனி இந்த வேலையெல்லாம் படுத்திடுமா?
வாசகர், கிண்ணியா

பதில்: கொஞ்சம் படுக்கும் தம்பி, மறைச்சுப் பேச ஏலாது. 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிப்பாட்டினது, ஜூலை 1ஓட அந்த நிறுவனம் உதவி குடுக்கிற வேலையே நிண்டுது. சம்பளம், வாகனம், ஒபிஸ் வாடகை எண்டு ஓடினதுகளுக்குத்தான் பெரிய அடி. சந்தாக் காசும் தேத்தண்ணியும் வச்சு ஓடுற சங்கத்துக்கு அப்பவும் அந்தக் காசு வந்து சேரேல்லையே.

கேள்வி: புறொஜெக்ட் முடிஞ்ச அடுத்த மாசமே சங்கக் கூட்டத்துக்கு ஆள் வாறேல்ல, ஏன்?
வாசகி, தம்பலகாமம்

பதில்: வந்து கையெழுத்து வச்சா ஐந்நூறு ரூவா எண்டு நீங்கதான் பழக்கினீங்க. அடுத்த கூட்டத்தைக் காசில்லாம, சபை கூடுற நாள்ல வையுங்க, ஏழு பேர் வந்தாலும் பரவாயில்ல, அந்த ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு சபைக்கே போங்க.