அம்மா ஏன் தண்ணீர் கேட்பதில்லை?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். எங்கள் குலதெய்வக் கோயில் கடையநல்லூர் பக்கம். பங்குனி உத்திரத்துக்கும் ஆடிக் கொடைக்கும் குடும்பத்தோடு காரில் போவோம். எனக்குப் புகைப்பட ஆர்வம் உண்டு. அதனால் திருமங்கலம் தாண்டியதும் மெயின் ரோட்டை விட்டுவிட்டு பேரையூர், சாப்டூர், வத்திராயிருப்பு என்று மலையடிவாரச் சாலைகளில் நின்று நின்று போவேன். நாலைந்து மணி நேரம் கூடுதலாகும். “பாத்ரூம்கூட இல்லாத ரோட்டில் ஏன் இழுத்தடிக்கிறீர்கள்? இனி நாங்கள் ரயிலில் போகிறோம், நீங்கள் தனியாக வாருங்கள்” என்கிறார் மனைவி. 68 வயதான என் அம்மாவே ஒரு குறையும் சொல்வதில்லை. சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருந்தும் வழியில் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். பிள்ளைகள் கிராமத்தைப் பார்க்க வேண்டாமா? என் ஆர்வம் தவறா?

பதில்: தம்பி, “என் ஆர்வம் தவறா” என்று முடியும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஒருவருக்கு பைக், ஒருவருக்கு தூண்டில், உங்களுக்கு கேமரா. “உங்கள் மனைவிக்கு ரசனை போதாது” என்று நான் ஒரு வரி எழுதினால், அதை வீட்டில் எடுத்துக் காட்டலாம் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். அந்த வரி என்னிடமிருந்து வராது.

எனக்கு உறுத்தியது அம்மாவைப் பற்றிய வரி. அதை உங்கள் தரப்புக்குச் சாட்சியாக வேறு எழுதியிருக்கிறீர்கள். பங்குனி வெயிலில், சர்க்கரை உள்ள ஒரு பெண்மணிக்குத் தாகம் எடுக்காமலா இருக்கும்? சர்க்கரை கூடினால் தாகமும் கூடும், அடிக்கடி ஒன்றுக்கும் போக வேண்டிவரும். குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் போக இடமில்லை. அதனால் அவர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். கேட்டுப் பாருங்கள், புறப்படுகிற அன்று காலைக் காபியைக்கூட அரை டம்ளராகக் குறைத்திருப்பார். அடுத்த முறை ஊரில் இறங்கியதும் அவருடைய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். தாம்பரத்தில் நிரப்பியது அப்படியே கனக்கும். மாத்திரைக்கு ஒரு மடக்கு குறைந்திருந்தால் அதிகம்.

உங்களுக்கு என்ன, வண்டியை ஓரங்கட்டி நாலடி நடந்தால் ஒரு பனைமரம் போதும். நாலுவழிச் சாலையில் பெட்ரோல் பங்க் உண்டு, டோல்கேட் உண்டு, சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சுத்தம் முன்னே பின்னே இருந்தாலும் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு இடம் கிடைத்துவிடும். நீங்கள் போகிற ரோட்டில் கண்மாயும் தென்னந்தோப்பும் அழகாகத்தான் இருக்கும். அதில் முட்டிவலியோடு ஒரு கிழவி எங்கே ஒதுங்குவார்? அவரால் குத்தவைக்க முடியுமா என்றாவது உங்களுக்குத் தெரியுமா?

வளர்ந்த மகனிடம் இதை எந்த அம்மாவும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். உங்கள் மனைவி சொல்லியிருக்கிறார். “பாத்ரூம்கூட இல்லாத ரோடு” என்று அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதியும் உங்களுக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண் தனக்காகவும் பேசுகிறார், மாமியாருக்காகவும் பேசுகிறார். அப்படி ஒரு மருமகள் கிடைத்ததற்கு சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு, அவர் மேல் புகார் எழுதுகிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் பிரஷர் மாத்திரைகளில் நீரைப் பிரிய வைக்கிறவையும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வாய் நனைக்காமல் உட்கார்ந்திருந்தால், இறங்கி நிற்கும்போது தலை சுற்றும். அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது லேசில் விடாது. அம்மாவை அடுத்த செக்கப்புக்கு நீங்களே கூட்டிப்போய் இதைக் கேளுங்கள், மனைவியை அனுப்பாமல்.

சரி, படத்துக்கு வருவோம். காலையில் தாம்பரத்தை விட்டால் வத்திராயிருப்புக்கு நீங்கள் எப்படியும் பிற்பகலில்தான் வந்து சேர்வீர்கள். அங்கே மலை மேற்கே இருக்கிறது. அந்த நேரத்தில் சூரியன் மலைப்பக்கம் இறங்கிவிடும். உங்களுக்குக் கிடைப்பது வெளுத்த வானமும், மடிப்பெல்லாம் மறைந்து தட்டையாகத் தெரியும் ஒரு மலையும்தான். இதற்காகவா ஒரு மனுஷி பட்டினித் தாகம் கிடக்கிறார்? அந்த மலையின் கிழக்குச் சரிவில் வெயில் நேராக விழுவது காலையில். பாறை, ஓடை, காடு எல்லாம் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும். ஆடி வாக்கில் சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்குமே, அதுவும் அப்படித்தான். முற்றிய பூ சூரியனோடு சுற்றாது, கிழக்கே பார்த்து நின்றுவிடும். காலையில் வயலுக்குக் கிழக்கே நின்றால் பூ முகத்திலும் வெயில், பின்னால் மலையிலும் வெயில். சாரல் நாளென்றால் மேகம் முடியை மூடியிருக்கும், அதுவும் நல்ல படம்தான்.

ஆகவே கேமராவைப் பரணில் போடச் சொல்லவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், விடியுமுன் சித்தப்பா மகனிடம் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பிள்ளைகளில் எழுந்திருப்பவரைப் பின்னால் உட்கார வையுங்கள். கிராமத்தைப் பார்க்க வேண்டும் என்றீர்களே, கார் கண்ணாடி வழியாகப் பார்ப்பதைவிட இது நன்றாகவே தெரியும். பொங்கல் வைக்கிற நேரத்துக்குக் கோயிலில் இருந்தால் போதும்.

மனைவி சொல்கிற ரயிலில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. அவர்கள் ரயிலிலும் நீங்கள் காரிலும் என்று பிரிந்து போவது எனக்குப் பிடிக்கவில்லை. குலதெய்வத்துக்குப் போகிற குடும்பம் சேர்ந்துதான் போக வேண்டும். பழைய ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அதனால் நீங்களும் ரயில் ஏறுங்கள். சென்னையிலிருந்து செங்கோட்டை போகிற பொதிகையில் ராத்திரி ஏறினால், விடியும்போது ஜன்னலிலேயே மலை வந்துவிடும். கழிப்பறை பத்தடி தூரத்தில். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, கொடைக் கூட்டத்தில் சீக்கிரம் தீர்ந்தும் விடும். அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் லோயர் பெர்த் கேளுங்கள். மேல் பெர்த் உங்களுக்கு.