பிள்ளைக் காவல் வழக்கில் வக்கீல் இல்லாமல் நானே ஆதாரம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நான் கொடுத்தேன், என் மகள் இன்று என்னோடுதான் இருக்கிறாள். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாமல், வாய்தா நெருங்கிவிட்ட பயத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 13-ஐப் படியுங்கள். அங்கே வக்கீல் வைப்பதற்குத்தான் அனுமதி வேண்டும். பிரிவு 14-ன்படி, வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி நினைத்தால் எந்தக் காகிதத்தையும் வாங்கிப் பார்க்கலாம்.

எனக்குப் பாம்பன் பக்கம். கடலில் பாசி எடுக்கிற வேலை. "தாய் நாளெல்லாம் கடலில் கிடக்கிறாள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை" என்று எதிர் மனுவில் எழுதியிருந்தார்கள். வயிறு எரிந்தது. பதிலுக்கு என் கணவரைத் திட்டி நான் ஒரு வரி எழுதவில்லை. தடுப்பூசி அட்டையையும் ரேங்க் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அட்டையின் ஓரம் உப்புத் தண்ணீரில் ஊறிப் போயிருந்தாலும் ஒவ்வொரு ஊசிக்கும் நர்ஸ் எழுதிய தேதி பளிச்சென்று இருந்தது. ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்து எல்லாம் என்னுடையது.

குறுக்கு விசாரணையில், "இதையெல்லாம் நேற்று உட்கார்ந்து போட்டிருக்கலாமே?" என்றார் அவர்கள் வக்கீல். "பக்கத்திலேயே டீச்சர் கையெழுத்தும் தேதியும் இருக்குங்க ஐயா" என்றேன். நீதிபதி அம்மா கார்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சே எழவில்லை. பாதுகாவலர் சட்டம் 1890, பிரிவு 17 பார்க்கச் சொல்வது பிள்ளையின் நலனைத்தான். கணவன் மனைவி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது அப்புறம்.

வாட்ஸ்அப் செய்திகளை வெறுமனே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள். அதில் ஒரு பகுதி நாம் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. அந்தச் செய்திகள் இருக்கிற போனை மாற்றிவிடாதீர்கள்.

எனக்கு வழக்கைவிடப் பெரிய பாடு கோர்ட்டுக்கு ராமநாதபுரம் போய் வருவது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில்தான் புதுப் பாலம் திறந்தார்கள். அவ்வளவு காலமும் எங்களுக்கு பஸ்தான். கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தீவில் இருக்கிறவனுக்கும் கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வக்கீலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வக்கீல்கள் சண்டைக்கு வரவேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. நீங்கள் ஆணாக இருந்தால் பெரும்பாலும் வருமான வரம்பு பார்ப்பார்கள். எதற்கும் இலவச சட்ட உதவி எண் 15100-க்கு போன் செய்து கேளுங்கள்.