கேள்வி பதில்: வழக்கே இல்லாத சிறை

கேள்வி: அமெரிக்கக் குடிமகனையே அமெரிக்க ராணுவம் விசாரணையில்லாமல் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம் என்று 2012-ம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் சொல்வதாக எங்கள் வகுப்பில் விவாதம் நடந்தது. பேராசிரியர் அப்படி இல்லவே இல்லை என்கிறார். எது சரி?
- சட்ட மாணவி, கோவை

பதில்: நீங்கள் சொல்வதும் பாதி சரி, அவர் சொல்வதும் பாதி சரி. அந்தச் சட்டத்தின் 1021-வது பிரிவு, அல் கொய்தா, தாலிபான், அவற்றோடு சேர்ந்த படைகள் ஆகியவற்றில் இருந்தவர்களையும் அவற்றுக்குக் கணிசமான ஆதரவு தந்தவர்களையும் சண்டை முடியும்வரை விசாரணையில்லாமல் ராணுவம் பிடித்து வைக்கலாம் என்கிறது. அதே பிரிவின் கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது. குடிமக்கள், சட்டப்படி குடியிருப்பவர்கள், அமெரிக்காவுக்குள் பிடிபடுகிறவர்கள் விஷயத்தில் ஏற்கெனவே உள்ள சட்டத்தை இது மாற்றாது என்று. உங்கள் பேராசிரியர் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான்.

சரி, ஏற்கெனவே உள்ள சட்டம் என்ன சொல்கிறது? அங்கேதான் சிக்கல். அமெரிக்க மண்ணில் பிடிபட்ட ஒரு குடிமகனை ராணுவம் இப்படி வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இன்றுவரை நேரடியாகப் பதில் சொன்னதில்லை. கேள்வி அங்கே போகாமலில்லை. தீர்ப்பு வரும் நேரம் பார்த்து அரசாங்கம் ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது.

ஹோசே பாடில்லா புரூக்ளினில் பிறந்த அமெரிக்கர். 2002 மே 8 அன்று சிகாகோ விமான நிலையத்தில் கைதானார். முதலில் 'சாட்சி' என்ற பேரில் நியூயார்க்கில் வைத்திருந்தார்கள். நீதிமன்றம் டோனா நியூமன் என்ற வழக்கறிஞரை அவருக்கு நியமித்தது. அந்தக் காவலே செல்லுமா என்ற விசாரணை ஜூன் 11-க்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஜூன் 9 அன்று அதிபர் புஷ், பாடில்லா ஒரு 'எதிரிப் போராளி' என்று கையெழுத்துப் போட்டார், அன்றைக்கே ஆளை தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கத்தில் இருக்கும் கடற்படைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்ட் மாஸ்கோவிலிருந்து தொலைக்காட்சியில் தோன்றி, கதிரியக்க வெடிகுண்டு சதியை முறியடித்துவிட்டோம் என்று உலகத்துக்கே அறிவித்தார். உலகத்துக்குச் சொன்னதை எந்த நீதிமன்றத்திலும் குற்றச்சாட்டாக வைக்கவில்லை. வழக்கறிஞருக்குத் தன் கட்சிக்காரரைப் பார்க்க அனுமதி கிடைக்க 2004 மார்ச் ஆனது.

2004 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், காவலை எதிர்த்த மனுவை நியூயார்க்கில் போட்டது தப்பு, தென் கரோலினாவில் போட்டிருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. ஆளை ஒரே நாளில் இடம் மாற்றியது அரசு, அலைந்தது மனு போட்டவர்கள். மறுபடியும் கீழிருந்து ஆரம்பித்து, 2005 இலையுதிர் காலத்தில் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்ற வாசலுக்கு வந்தது. அரசு பதில் மனு தாக்கல் செய்ய வேண்டிய தேதிக்குச் சில நாள் முன்னால், நவம்பரில், திடீரென்று மயாமியில் சாதாரணக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை போட்டார்கள். மூன்றரை வருஷம் எந்தக் காரணத்தைச் சொல்லி அடைத்து வைத்தார்களோ, அந்த வெடிகுண்டுச் சதி அந்தக் குற்றப்பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை.

அந்தக் காவல் செல்லும் என்று அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் மைக்கேல் லுட்டிக். பழமைவாத நீதிபதி, அரசாங்கம் தன் பக்கம் என்று நம்பியிருந்த ஆள். அவரே கொதித்துப்போனார். இத்தனை வருஷம் இந்த மனிதரைத் தவறுதலாக வைத்திருந்தோம் என்று நினைக்க இடம் தருகிறீர்களே என்று கண்டித்து, ஆளை மாற்ற அனுமதி மறுத்தார். 2006 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாற்றத்தை அனுமதித்தது, ஏப்ரலில் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்துவிட்டது.

கத்தார் நாட்டைச் சேர்ந்த அலி அல்-மர்ரி இல்லினாய்ஸில் சட்டப்படி தங்கிப் படிக்க வந்தவர். அவரையும் வழக்கு விசாரணைக்கு வரும் நேரத்தில், 2003-ல், எதிரிப் போராளி என்று அறிவித்து அதே கடற்படைச் சிறையில் போட்டார்கள். 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் மனுவை ஏற்றது. சில வாரத்தில் ஆட்சி மாறியது. ஆட்சி மாறினாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை, 2009 பிப்ரவரியில் ஒபாமா அரசு குற்றப்பத்திரிகை போட்டு ஆளை மாற்ற, வழக்கு காலாவதியானது. ஆகவே உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள்: மாற்றவில்லை என்று சட்டம் சொல்கிற அந்தப் பழைய சட்டம் எந்தத் தீர்ப்பில் இருக்கிறது, காட்ட முடியுமா என்று.

கேள்வி: பாடில்லா கடைசியில் குற்றவாளி என்றுதானே தீர்ப்பானது? அப்பாவிக்குப் பரிந்து பேசலாம், இவருக்கு எதற்கு?
- வங்கி ஊழியர், நாகர்கோவில்

பதில்: ஆமாம், 2007-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை முதலில் 17 வருஷம் 4 மாதம், பிறகு 2014-ல் 21 வருஷமாக உயர்ந்தது. அது ஜூரி முன்னால், சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட்டு வந்த தண்டனை, வெளிநாட்டு ஜிகாதுக்கு உதவ சதி செய்தார் என்ற வேறொரு குற்றச்சாட்டுக்கு. அந்தத் தண்டனையை எதிர்த்து நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, சாதாரண நீதிமன்றத்தால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது என்பதை. முடியும் என்றால் அந்த மூன்றரை வருஷம் எதற்கு?

அந்த வருஷங்கள் எப்படிப் போயின என்பதற்கு ஒரு காட்சி ஆவணமாகவே இருக்கிறது. பாடில்லாவுக்குப் பல் வலி, வேர் சிகிச்சை செய்ய வேண்டும். சிறைக்குள்ளேயே நடந்துபோகும் தூரம்தான். அதற்காக அறைக் கதவிலுள்ள துவாரம் வழியாகக் காலை நீட்டச் சொல்லி விலங்கு மாட்டுகிறார்கள், அப்புறம் கையில், பிறகு கண்ணை முழுசாக மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, காதில் சத்தம் கேட்காதபடி மூடி. சுற்றிலும் முகக்கவசமும் தலைக்கவசமும் போட்ட காவலர்கள். இதை ராணுவமே வீடியோ எடுத்து வைத்திருந்தது, 2006 கடைசியில் படங்கள் வெளியே வந்தன. எந்த நீதிமன்றமும் அப்போது அவரைக் குற்றவாளி என்று சொல்லியிருக்கவில்லை.

பின்னாளில், இந்தக் காவலுக்குச் சட்டக் கருத்து எழுதித் தந்த நீதி அமைச்சக அதிகாரி ஜான் யூ மீது பாடில்லாவும் அவர் தாயாரும் வழக்குப் போட்டார்கள். கேட்ட நஷ்டஈடு 1 டாலர். நடந்தது சட்ட விரோதம் என்று ஒரு நீதிமன்றம் சொன்னால் போதும் என்பதுதான் அவர்கள் கேட்டது. 2012 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதிகாரிக்கு அந்தக் காலத்துச் சட்டம் தெளிவாக இருக்கவில்லை என்ற காரணத்தால் பாதுகாப்பு உண்டு என்று தள்ளுபடி செய்தது. யோசித்துப் பாருங்கள், சட்டம் தெளிவாகாமல் பார்த்துக்கொண்டதும் அரசு, அந்தத் தெளிவின்மையால் தப்பித்ததும் அரசு.

கேள்வி: போர்க்களத்தில் பிடிபட்டவனுக்கெல்லாம் வக்கீல் வைத்துக் கொடுக்க முடியுமா?
- ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வேலூர்

பதில்: ஐயா, போர்க்களத்தில் சண்டை போட்டுப் பிடிபட்ட எதிரியைப் போர்க் கைதியாக வைப்பதை யாரும் மறுக்கவில்லை. அதற்கு ஜெனீவா உடன்படிக்கை இருக்கிறது, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போர்க்களத்தில்தான் பிடிபட்டாரா என்பதை யார் சொல்வது? கேள்வி அதுதான்.

கியூபாவிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளச் சிறையான குவாண்டநாமோவுக்கு மொத்தம் 780 பேர் அளவில் கொண்டுவரப்பட்டார்கள், முதல் 20 பேர் வந்தது 2002 ஜனவரி 11. சந்தேக நபரைப் பிடித்துக் கொடுத்தால் பணம் என்று ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா துண்டுப் பிரசுரம் போட்டது. அப்படிப் பணத்துக்காக ஒப்படைக்கப்பட்டவர்களில் சீனாவின் உய்குர் முஸ்லிம்கள் உண்டு. அங்கிருந்த 22 உய்குர்களும் எதிரிகள் இல்லை என்று அமெரிக்க அரசே கடைசியில் ஒப்புக்கொண்டது. 2008 அக்டோபரில், மிச்சமிருந்த 17 பேரையும் விடுவிக்க நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் அதைத் தடுத்துவிட்டார்கள். சீனாவுக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து, அமெரிக்காவுக்குள் விடவும் மனசில்லை. பெர்முடா, பலாவ் என்று எந்த இடம் ஏற்குமோ அங்கெல்லாம் கேட்டு அனுப்பி, கடைசி ஆள் வெளியேறியது 2013 டிசம்பரில். எதிரி இல்லை என்று தெரிந்த மனிதர்கள் இவர்கள்.

2008 ஜூனில் பூமீடியன் வழக்கில், குவாண்டநாமோ கைதிகளுக்கும் ஆட்கொணர்வு மனு போடும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று சொன்னது. ஒரு ஓட்டு வித்தியாசம். சிறை திறந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கேள்வி: கையெழுத்துப் போடும்போதே 'குடிமக்கள் மீது இதைப் பயன்படுத்த மாட்டேன்' என்று ஒபாமா எழுதிக் கொடுத்தாரே?
- பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: எழுதினார். 2011 டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்தைய நாள். தன்னுடைய நிர்வாகம் செய்யாது என்றுதான் எழுதினார், அடுத்து வருகிறவரைப் பற்றி அவரால் எழுத முடியாதே. ஒருவருடைய நல்லெண்ணத்தை நம்பிச் சட்டம் போடக்கூடாது, ஏனென்றால் அவர் போன பிறகும் சட்டம் இருக்கும். குடிமக்களை வெளிப்படையாக விலக்கி வைக்க செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் அப்போதே ஒரு திருத்தம் கொண்டுவந்தார், 45-55 என்று தோற்றது. அடுத்த வருஷம் அதே நோக்கத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் 67-29 என்று செனட்டில் ஜெயித்தது. இரு அவைகளும் சமரசம் பேசிய கட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பதைவிட, ஜெயித்த திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போனதுதான் எனக்கு அதிக வருத்தம்.

கேள்வி: அமெரிக்காவில் இது புதுசா?
- வாசகர், திருச்சி

பதில்: இல்லை. லிங்கன் காலத்தில் இண்டியானாவைச் சேர்ந்த மில்லிகன் என்ற சிவிலியனுக்கு ராணுவ ஆணையம் மரண தண்டனையே விதித்தது. சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் ராணுவம் சிவிலியனை விசாரிக்கக் கூடாது என்று 1866-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அவரை விடுவித்தது. ஆனால் 1942-ல் ரூஸ்வெல்ட் போட்ட ஓர் உத்தரவால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாமுக்குப் போனார்கள், மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். வெளியேற மறுத்த ஃப்ரெட் கோரமட்சு என்ற வெல்டிங் தொழிலாளி உச்ச நீதிமன்றம் வரை போய் 1944-ல் 6-3 என்று தோற்றார். அவர்மீதான தண்டனையை 1983-ல் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது, அரசு தனக்குப் பாதகமான அறிக்கைகளை 1944-ல் மறைத்திருந்தது தெரியவந்ததால். நாட்டின் பாதுகாப்பு என்று அரசு சொன்னதை நீதிபதிகள் சோதிக்காமல் நம்பினார்கள், நடந்தது இவ்வளவுதான். காங்கிரஸ் இயற்றும் சட்டம் இல்லாமல் எந்தக் குடிமகனையும் அடைக்கக் கூடாது என்று 1971-ல் சட்டம் வந்ததற்கு அந்த முகாம்களின் நினைவும் ஒரு காரணம். பாடில்லா வழக்கில் அந்தச் சட்டத்தையே ஒதுக்கித் தள்ளப் பார்த்தார்கள்.

கேள்வி: மிசா வைத்திருந்த, குண்டர் சட்டம் வைத்திருக்கிற நாம் அமெரிக்காவைக் கேட்கலாமா?
- வழக்கறிஞர், மதுரை

பதில்: தாராளமாகக் கேட்கலாம், நம்மையும் சேர்த்தே கேட்போம். குண்டர் சட்டத்தில் ஒரு வருஷம் விசாரணையில்லாமல் வைக்கலாம். அதிலும் உத்தரவின் காரணத்தை எழுதித் தர வேண்டும், அறிவுரைக் கழகம் பார்க்க வேண்டும், உயர் நீதிமன்றம் ரத்து செய்வதை நீங்கள் அடிக்கடி பார்க்கிறீர்கள். அது போதும் என்று சொல்லவில்லை, அந்தச் சட்டம் பயன்படும் விதத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. ஆனால் ஒரு நீதிபதி எட்டிப் பார்க்கும் ஜன்னல் திறந்திருக்கிறது. நெருக்கடி நிலையில் அந்த ஜன்னலையும் சாத்தினார்கள். 1976 ஏப்ரல் 28 அன்று நம் உச்ச நீதிமன்றம் 4-1 என்று, மிசா கைதிக்கு ஆட்கொணர்வு மனு போடவே உரிமையில்லை என்றது. மறுத்து எழுதிய ஒரே நீதிபதி ஹெச்.ஆர். கன்னா, தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. அந்தத் தீர்ப்பை அதிகாரபூர்வமாகக் கைகழுவ 2017 ஆனது.

கேள்வி: பயங்கரவாதத்தோடு சம்பந்தமே இல்லாத சாதாரண ஆளுக்கு இதில் என்ன பயம்?
- இல்லத்தரசி, ஈரோடு

பதில்: அதே சந்தேகத்தோடு போனவர்கள்தான் பத்திரிகையாளர் கிறிஸ் ஹெட்ஜஸும் நோம் சாம்ஸ்கி போன்றவர்களும். ஹெட்ஜஸ் தொழிலுக்காகப் போராளி அமைப்புகளின் ஆட்களைச் சந்தித்துப் பேட்டி எடுத்தவர், அது 'கணிசமான ஆதரவு' ஆகுமா என்று கேட்டு 1021-ஐ எதிர்த்து வழக்குப் போட்டார். நீதிபதி கேத்தரின் ஃபாரஸ்ட் அரசு வக்கீல்களிடம் நேரடியாகக் கேட்டார், இவர்களை இந்தப் பிரிவில் பிடிக்க மாட்டீர்கள் என்று சொல்ல முடியுமா என்று. முதல் விசாரணையில் அவர்களால் அந்த உறுதியைத் தர முடியவில்லை. 2012-ல் ஃபாரஸ்ட் அந்தப் பிரிவுக்குத் தடை விதித்தார். 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடர இவர்களுக்குத் தகுதியில்லை என்று தடையை நீக்கியது, 2014-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதாவது உங்களைப் பிடிக்கும்வரை நீங்கள் கேட்க முடியாது, பிடித்த பிறகு கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: குவாண்டநாமோ மூடியாயிற்றா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை. 2025 ஜனவரியில் 15 கைதிகள் மிச்சம். அடுத்த மாதமே, நாடு கடத்தப்பட வேண்டியவர்கள் என்று சொல்லி, குடியேறிகளை ராணுவ விமானத்தில் அந்தத் தளத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்க்க அனுமதி கேட்டு வழக்கறிஞர்கள் மறுபடியும் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று.