அறுபது பேரில் ஒன்பது பிள்ளைகள்

கேள்வி: எங்கள் மகளுக்கு வரும் நவம்பர் 4ஆம் தேதி 5 வயது முடிகிறது. 8ஆம் தேதி தீபாவளி. பாசிர் ரிஸ்ஸில் ஷாலே (வாடகை விடுமுறை வீடு) எடுத்து 60 பேரைக் கூப்பிட வேண்டும் என்கிறார் கணவர் (பட்டியலை இணைத்துள்ளேன்). மாமியாரோ, "சுவாதி நட்சத்திரம் தீபாவளியோடதான் வருது, கோயில்ல ஒரு அர்ச்சனை போதும், கேக்கு எதுக்கு?" என்கிறார். மூத்தவன் தொடக்கநிலை 2. சிறுவர் தினம், பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) தாள் திருத்தும் நாள்கள் என்று அக்டோபரில் அவனுக்கு அடுத்தடுத்து விடுமுறை. என் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு எல்லாம் தீர்ந்துவிட்டது. பலகாரமும் சுட வேண்டும். நான் யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் சொன்னது இருக்கிறது, மாமியார் சொன்னது இருக்கிறது. உங்கள் மகள் என்ன கேட்டாள் என்று ஒரு வரிகூட இல்லை.

பட்டியலை அனுப்பியது நல்லதாயிற்று. உட்கார்ந்து எண்ணினேன். 60 பேரில் பிள்ளைகள் 9. அந்த ஒன்பதிலும் 4 பேருக்குப் பெயருக்குப் பதிலாக 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்று குறித்திருக்கிறீர்கள். ஆக, அவர்களின் பெயரே உங்களுக்குத் தெரியாது. மற்ற 51 பேரும் "நாம போனோம், அவங்களும் வரணும்" கணக்கு. மொய் நோட்டு ஊரோடு நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை போலிருக்கிறது.

உங்கள் கணவரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். 2021 நவம்பர் 4, தீபாவளியன்றே பிறந்த பிள்ளை. கொவிட் காலம், ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 2 விருந்தினர்தான் என்று கட்டுப்பாடு இருந்த நேரம். தன் மகளை நாலு பேருக்குக் காட்ட முடியவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு இன்னும் இருக்கும். ஆனால் அதை இப்போது வட்டியோடு வசூலிப்பது ஐந்து வயதுக்காரியின் தலையில்தான் விடியும்.

ஷாலே பற்றி எனக்கு அனுபவம் உண்டு. என் மகளின் நாலாவது பிறந்தநாள். "இதோ வந்துட்டோம், எக்ஸ்பிரஸ்வேல ஜாம்" என்ற உறவினருக்காகக் கேக்கை ஒன்றரை மணி நேரம் வெட்டாமல் வைத்திருந்தோம். ஈக்கு பயந்து மூடிவைத்த பெட்டிக்குள் கிரீம் உருகி, அவள் பெயரின் கடைசி எழுத்து வழிந்துவிட்டது. அவர்கள் வந்து சேர்ந்தபோது பிறந்தநாள் பெண் பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு காலில் செருப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி, அழ அழக் கத்தியைப் பிடிக்க வைத்துப் படம் எடுத்தோம். அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. மாட்டத்தான் மனம் வரவில்லை.

சரி, மாமியாருக்கு வருவோம். நட்சத்திர விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஐப்பசியில் சூரியன் துலாமில் இருக்கும். அமாவாசைக்கு நிலவும் அங்கேதான் வந்து சேரும். அதனால் தீபாவளியை ஒட்டிச் சித்திரையோ சுவாதியோதான் வரும். தேதிதான் ஓடிக்கொண்டே இருக்கிறது: 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, இப்போது நவம்பர் 8. எனவே அர்ச்சனை அவருடையது, விட்டுக்கொடுங்கள். பேத்தியை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போகட்டும். அதற்காகக் கேக்கைத் தடுக்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. பாலர் பள்ளியில் கூடப் படிக்கும் பிள்ளைக்குச் சுவாதி தெரியாது, மெழுகுவத்தி தெரியும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் விடுப்பு தீர்ந்துவிட்டது என்கிறீர்கள். உங்கள் கணவருடையது? பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளதாக இருந்தால், அதற்கு 7 வயது ஆகும்வரை தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 6 நாள் உண்டு. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லவும் முடியாது. 60 பேரைக் கூப்பிட நேரம் இருப்பவர் அந்த 6 நாளில் எத்தனை எடுத்தார் என்று கேட்டீர்களா? தாள் திருத்தும் நாள்களில் மூத்தவனோடு அவர் வீட்டில் இருக்கட்டும். நவம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு டிசம்பர் 31 வரை பள்ளி இல்லை. அதற்கும் இரண்டு நாள் மிச்சம் வைக்கச் சொல்லுங்கள்.

பிறந்தநாள் இந்த முறை புதன்கிழமை. பாலர் பள்ளியில் கேக் கொண்டுவரலாமா என்று ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். எல்லா இடத்திலும் விடுவதில்லை. விட்டால், ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் வாங்குங்கள், கடலை முந்திரி இல்லாமல். அன்பளிப்புப் பையில் போடும் ஜெல்லி மிட்டாயின் பின்பக்கத்தையும் படியுங்கள். எந்த விலங்கின் ஜெலட்டின் என்று போட்டிருக்காவிட்டால் வேண்டாம். வகுப்பில் ஒரு மலாய்ப் பிள்ளை பையை வாங்கி, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பறிகொடுப்பது பார்க்கச் சகிக்காது.

ஞாயிறு தீபாவளி என்பதால் திங்களும் பொது விடுமுறை. அன்று சாயந்திரம் அவள் சொல்கிற நாலு, ஐந்து பிள்ளைகளை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கும் அதிரசமும் இருக்கும், தனியாகச் சமைக்க வேண்டாம். நவம்பர் மழையை நம்பி விளையாட்டுத் திடலில் எதையும் வைக்காதீர்கள். பட்டாசு இங்கே 1972இலேயே தடையாகிப் போய்விட்டது. கையில் பிடிக்கும் கம்பி மத்தாப்பு மிச்சம் இருக்கிறது. மழை விட்டால் கீழே கூட்டிப்போய், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, ஆளுக்கு ஒன்று கொளுத்திக் கொடுங்கள்.

அந்த 51 பேர்? தீபாவளிக்கு எப்படியும் பாதிப் பேர் வீட்டுக்கு வருவார்கள். மீதிப் பேருக்கு உங்கள் கணவர் வாழ்த்து அனுப்பிக்கொள்ளட்டும்.

இன்று இரவு மகளிடம் யார் யார் வர வேண்டும் என்று கேட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். மூன்றாவது பெயராக லிஃப்டில் தினமும் பார்க்கும் பூனைக்குட்டியைச் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.