மானியம் எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்

தம்பி, மதுரையில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் முடித்த கையோடு அமெரிக்காவில் பால்டிமோரில் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) வேலை கிடைத்திருக்கிறது, எச்-1பி என்ற வேலை விசா கேட்டால் ஜே-1 என்ற பரிமாற்ற விசாதான் என்கிறார்கள், இந்த நேரத்தில் வரலாமா, வாடகை எவ்வளவு, குளிர்கோட்டு ஊரிலேயே வாங்கிவிடவா என்று கேட்டிருந்தீர்கள். கோட்டை இங்கே வந்து வாங்குங்கள். வாடகையை அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், நான் இருப்பது செயின்ட் லூயிஸில்.

ஜே-1 என்றதும் மனம் தளர வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, வெளிநாட்டிலிருந்து ஒருவரைப் புதிதாக எச்-1பியில் அழைக்க 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. எந்த ஆய்வகம் கட்டும்? ஜே-1இல் ஐந்து வருடம் வரை ஆராய்ச்சி செய்யலாம், உங்கள் மனைவி ஜே-2 என்ற குடும்ப விசாவில் வந்து வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் கேட்காததுதான் முக்கியம். உங்கள் சம்பளம் யாருடைய பணம்? இங்கே பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெரும்பங்கு பணம் என்.ஐ.எச். என்ற அரசு நிறுவனத்திலிருந்து வருகிறது. பேராசிரியர் தன் பெயரில் நாலைந்து வருட மானியம் வாங்கி, அதிலிருந்துதான் போஸ்ட்டாக்குக்குச் சம்பளம் தருவார். மானியம் நின்றால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் என்ற இணையதளத்தில் பேராசிரியர் பெயரைப் போட்டுப் பாருங்கள். எந்த மானியம், எவ்வளவு, எந்தத் தேதியில் முடிகிறது, எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு வருடத்துக்குள் முடிகிறது என்றால், "அதற்குப் பிறகு என் சம்பளம் எதிலிருந்து வரும்?" என்று மின்னஞ்சலிலேயே கேளுங்கள். நேர்மையானவர் கோபப்பட மாட்டார்.

நான் கேட்கவில்லை. 2010இல் இரண்டு பெட்டிகளோடு வந்தேன். 2013 மார்ச்சில் அரசின் செலவுக் குறைப்பு வந்து, என்.ஐ.எச்.சுக்கு ஐந்து சதவீதம், அதாவது 155 கோடி டாலர், ஒரே வெட்டாகப் போனது. எங்கள் பேராசிரியரின் மானியம் புதுப்பிக்கப்படவில்லை. அது அவருக்கு எட்டு மாதம் முன்பே தெரியும். எங்களிடம் சொன்னது ஆறு வாரம் இருக்கும்போது. விசாவில் இருக்கிறவர்களிடமாவது முதலில் சொல்லியிருக்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த ஆறு வாரத்தில் நாற்பது ஆய்வகங்களுக்கு எழுதி, ஒன்றில் இடம் பிடித்தேன். இன்று மானிய விண்ணப்பம் எழுத இளையவர்கள் என்னிடம் வருகிறார்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு.

இப்போதைய நிலைமை அதைவிட மோசம். 2025 பிப்ரவரியில், பல்கலைக்கழகங்களுக்கு மின்சாரம், கட்டடம், விலங்குக்கூடம் போன்ற செலவுகளுக்காக என்.ஐ.எச். தரும் கூடுதல் பங்கை, நேரடி ஆராய்ச்சிச் செலவில் 15 சதவீதத்தோடு நிறுத்துவோம் என்றார்கள். நீதிமன்றம் தடுத்தது. ஆனால் நடந்துகொண்டிருந்த பல நூறு மானியங்களைப் பாதியிலேயே ரத்து செய்தார்கள். அதனால் முடிவுத் தேதி தூரத்தில் இருந்தாலும், வேறு மானியம் உண்டா என்று சேர்த்துக் கேளுங்கள்.

"வராதே" என்று சொல்பவர்களில் பலர் இங்கேயே நிரந்தரமாக வாழ அனுமதிக்கும் பச்சை அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்கள் பெரும்பாலும் கணினித் துறைக்காரர்கள், ஆய்வகச் சம்பளத்தில் வாழ்ந்து பார்த்தவர்கள் இல்லை. இரண்டு பேச்சையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆய்வகம் நல்லது, பணம் இருக்கிறது என்றால் வாருங்கள்.

ஒரு விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். எங்கள் காலத்தில் ஜே-1இல் வந்த இந்திய விஞ்ஞானிகள் பலருக்கு, இரண்டு வருடம் ஊரில் இருந்தால்தான் எச்-1பியோ பச்சை அட்டையோ என்ற விதி இருந்தது. எந்த நாட்டின் எந்தத் துறையினருக்கு அந்த விதி என்று சொல்லும் துறைப்பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசுப் பணம் நேரடியாக உங்கள் பெயருக்கு வந்தால் விதி இன்னும் உண்டு, விசா முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு அந்த விதியிலிருந்து விலக்கு வாங்க நோரி சான்றிதழ், அதாவது நான் ஊர் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்று இந்திய அரசு தரும் கடிதம், வேண்டியிருந்தது. மாநில அரசு, பாஸ்போர்ட் அலுவலகம், டெல்லி அமைச்சகம் என்று வரிசையாகக் கையெழுத்து. ஓய்வு பெற்ற ஆசிரியரான என் அப்பா கோவில்பட்டியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, ஏழு முறை சென்னைத் தலைமைச் செயலகத்துக்குப் போனார். எந்த மேசையில் யார், என்ன சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்து, ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு வாசித்துக் காட்டுவார். எட்டாவது முறை அவர் போனபோது கடிதம் தயாராக இருந்தது. அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது.